தண்ணீருக்கு முன்னே வரும் சேதி

(கொழிஞ்சாம்பாறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "மருத்துவம் பத்திப் பேசுங்க. ஆனா எங்க ஆத்தாவுக்கும் புரியற மாதிரி பேசுங்க." ஆத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஆழியாற்றில் மதகைத் திறந்தால், தண்ணீர் மணக்கடவைத் தாண்டி மூலத்தரைக்கு வருவதற்கு முன்பே சேதி வந்துவிடும். நான் இந்தப் பக்கம் மருத்துவனாக வந்த காலத்தில் அந்தச் சேதி பொள்ளாச்சிப் பேருந்தில் வரும், சைக்கிளில் வரும். இப்போது கைப்பேசியில் வருகிறது. கேட்டதும் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர்வாருவார்கள், மடையைச் சரி செய்வார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப்புழைக்கு உண்டு. அது எத்தனை டிஎம்சியாக வந்தாலும், வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிறவன் வயல் பாதி காய்ந்தும் பாதி மூழ்கியும் போகும்.

உடம்புக்குள்ளும் இப்படி ஒரு சேதி ஓடுகிறது. நாம் தின்ற சோறு கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலப்பதற்கு முன்பே, "வருகிறது, தயாராக இரு" என்று குடல் கணையத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. கணையம் இன்சுலினைத் திறந்துவிடத் தொடங்குகிறது. சேதி கொண்டு போகிற பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். தமிழில் இயக்குநீர் என்கிறோம். அந்தச் சேதியைக் கேட்கிற காது கணையத்தில் இருக்கிறது, இரைப்பையில் இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது. அந்தக் காதுதான் ஏற்பி. இன்று நான் பேச வந்த மருந்துகளெல்லாம் அந்தக் காதில் போய்ப் பேசுகிறவை.

இதைக் கண்டுபிடித்த கதை நீளமானது. எனக்குப் பிடித்த இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அந்தக் குடல் துண்டில் கொஞ்சம் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லை, ஆகவே சேதி போகாது என்பதுதான் அன்றைய பாடம். கணையம் சுரந்தது. சேதி இரத்தம் வழியாகப் போயிருக்கிறது. 'ஹார்மோன்' என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, உலகம் முதலில் அடையாளம் கண்ட ஹார்மோன் குடலிலிருந்து வந்தது.

இரண்டாவது இடம் 1964. ஒரே ஆளுக்கு ஒருமுறை குளுக்கோஸை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், இன்னொரு முறை நேராக இரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். வாய் வழியாகக் கொடுத்தபோது கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்தது. இரத்தக்குழாயில் ஏற்றியபோது தண்ணீர் நேராக வயலுக்குள் வந்துவிட்டது, முன்சேதி வரவில்லை. அந்தச் சேதியைக் கொண்டு போகிறவர்கள் இரண்டு பேர் என்று பிறகு தெரிந்தது. சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து கிளம்புவது ஜிஐபி, கீழ்ப்பகுதியிலிருந்து முக்கியமாகக் கிளம்புவது ஜிஎல்பி-1. இந்த இரண்டாவது ஆள் கெட்டிக்காரர். சர்க்கரை ஏறியிருந்தால் மட்டும் இன்சுலினைக் கூட்டுவார். இரைப்பை சோற்றைக் கீழே தள்ளும் வேகத்தைக் குறைப்பார். மூளையிடம் போய் "போதும்" என்பார். ஆனால் ஆயுசு இரண்டு நிமிடம்தான். அதற்குள் ஒரு நொதி அவரை வெட்டிவிடும்.

இரண்டு நிமிடத்தில் சாகிற ஆளை வைத்து எப்படி மருந்து செய்வது? அதற்கான வழி அமெரிக்கப் பாலைவனத்தின் நச்சுப் பல்லி ஒன்றின் எச்சிலில் கிடைத்தது. ஹீலா என்பது அதன் பெயர். ஜான் எங் என்ற மருத்துவர் 1992இல் அந்த நஞ்சிலிருந்து, ஜிஎல்பி-1 போலவே பேசுகிற, ஆனால் எளிதில் வெட்டுப்படாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 2005இல் அது மருந்தாக வந்தது. பிறகு லிராகுளூடைட், அதன் பிறகு வாரம் ஒரே ஊசி போதும் என்கிற செமாகுளூடைட். ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் காதிலும் பேசுகிற டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கு வந்தது.

இனி, இன்னும் சோதனையில் இருக்கிற மருந்துக்கு வருகிறேன். ரெட்டாட்ரூடைட் என்று பெயர். இது மூன்று காதுகளில் பேசுகிறது: ஜிஐபி, ஜிஎல்பி-1, அதோடு குளுக்ககான். குளுக்ககான் சர்க்கரையை ஏற்றுகிற ஹார்மோன் அல்லவா, அதைப் போய் எதற்குத் தூண்டுவது என்று மருத்துவம் படித்தவர்கள் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். குளுக்ககான் ஈரலில் தேங்கிய கொழுப்பையும் எரிக்கச் சொல்கிறது, உடம்பின் எரிசக்திச் செலவையும் கூட்டுகிறது. மற்ற இரண்டும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது கொழுப்பைக் கரைக்கிறது. 2023 ஜூனில் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 338 பேர் பங்கெடுத்தார்கள். வாரம் 12 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களின் எடை 48 வாரத்தில் சராசரியாக 24.2 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.1 விழுக்காடு. ஈரலில் கொழுப்பு மிகுந்திருந்த ஒரு பகுதியினரைத் தனியே பார்த்தபோது, அதே அளவு மருந்தில் 24 வாரத்தில் அந்தக் கொழுப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. நாற்பது வருடம் வைத்தியம் பார்த்த நான் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை. இது பெரிய கண்டுபிடிப்பு. அதில் எனக்கு ஐயமே இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அந்த 338 பேரும் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டவர்கள். உடல் நிறை எண் 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே வேறு கோளாறும் இருந்தால்தான் அதில் இடம். இப்போது ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ விடியுமுன் கிளம்பி, கம்பமெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையேறி உடும்பன்சோலைக்கு வருகிறார். தூக்குவாளியில் சோறு, கூட ஒரு துளி ஊறுகாய். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை சீனி போட்ட கட்டன் சாயா. எடை நாற்பத்திரண்டு கிலோ. அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. இந்த மூன்று காது மருந்து அவருக்கு என்ன செய்யும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஏனென்றால் அவர் அதில் இல்லை.

நம் உடம்பின் கணக்கே கொஞ்சம் வேறு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒன்றைக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றேதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதனால்தான் ஒல்லியாக இருக்கிற நம் அண்ணன் தம்பிகளுக்கும் சர்க்கரை வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 விழுக்காடு. நாலு பேரில் ஒருவர்.

ஆனால் ஒல்லியிலும் வேறு வேறு ஒல்லி இருக்கிறது. யாஜ்னிக்கின் ஒல்லி ஒன்று. பசியால் வந்த ஒல்லி இன்னொன்று. பிறக்கும்போதே எடை குறைவு, பிறகு வளரும் வயதில் அரைவயிறு. இப்படி வளர்ந்தவர்களில் சிலருக்கு இளம் வயதிலேயே சர்க்கரை வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்கிறது, சுரப்பதுதான் போதவில்லை. 1955இல் ஜமைக்காவில் முதலில் இதை எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985இல் தனி வகை என்று ஏற்றுக்கொண்டு, 1999இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்காவின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸோடு சேர்ந்து விடாமல் வேலை செய்து, இது தனி நோய்தான் என்று 2022இல் சான்றோடு காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய உலக நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு 'ஐந்தாம் வகை' என்று பெயர் கொடுத்தது. பசியால் வந்த நோய்க்குப் பெயர் கிடைக்க எழுபது ஆண்டு ஆனது. அட்டப்பாடி ஊர்களில் 2013இல் எடை குறைந்த குழந்தைகள் இறந்ததைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பிழைத்த குழந்தைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் முப்பது வயதில் எந்தச் சர்க்கரையோடு வருவார்கள் என்ற கேள்வி எனக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்படி வருகிறவர்களிடம் பசியைக் குறைக்கிற ஊசியை யாரும் நீட்டிவிடக் கூடாது.

இந்த மண்ணில் அதிகம் பார்த்த இன்னொரு சர்க்கரையும் உண்டு. கணையத்தில் கல் உண்டாகி, கணையம் சுருங்கி, அதனால் வருவது. சிறுவயதில் தாங்க முடியாத வயிற்றுவலி, இருபது வயதில் எண்ணெய் மிதக்கும் மலம், பிறகு சர்க்கரை. கேரளத்தின் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 1968இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மரவள்ளிக் கிழங்கைத் தின்பதால் வருகிறது என்று நெடுங்காலம் சந்தேகித்தார்கள். அது நிறுவப்படவில்லை, பிற்பாடு மரபணுக் குறைகள் தெரியவந்தன. இப்போது இந்த நோய் முன்பைவிடக் குறைவு. ஆனால் எல்லையின் இரு பக்கத்திலும், "சின்ன வயசுல வவுத்து வலிங்க, அப்புறம் சரியாப் போச்சுங்க" என்று சொல்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். குடல் ஹார்மோன் மருந்துகளின் ஆய்வுகளில் இப்படிக் கணைய அழற்சி வந்தவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அப்படியானால், அந்த ஊசியை எழுதுகிற மருத்துவர் "சின்ன வயதில் வயிறு வலித்ததா?" என்று கேட்டாக வேண்டும். நோயாளிக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும்.

மொழி என்று சொன்னதும் என் சித்தி நினைவுக்கு வருகிறார். நான் பிறந்தது பீருமேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மாவும் சித்தியும் கொழுந்து கிள்ளினார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சித்திக்கு நாற்பது வயதிருக்கும்போது ஒரு மருத்துவமனையில் இரத்தம் பார்த்துவிட்டு, "பிரமேஹம் உண்டு" என்றார்கள். மலையாளத்தில் சர்க்கரை நோய்க்கு அதுதான் பெயர், நல்ல பெயர், சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. சித்தியின் ஊரில் 'மேகம்' என்றால் மேகநோய், மேகவெட்டை. கெட்ட சகவாசத்தால் வருகிற நோய். சித்தி அந்தச் சீட்டைக் கிழித்துத் தோட்டத்துச் சரிவில் போட்டுவிட்டார். சித்தப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, ஆறாத புண்ணோடு இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம்; அங்கே இருந்தவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அவர்கள் ஒரு சொல் சொன்னார்கள், சித்தி வேறொரு சொல்லைக் கேட்டார். காதில் விழுந்த சேதி தப்பாக விழுந்தது.

நான் மருத்துவம் படிக்கப் போனதற்கு அந்த இரண்டு விரல்கள்தான் காரணம். படித்து முடித்துச் சித்தூர்த் தாலுகாவுக்கு வந்தேன். இங்கே பேச்சு வேறு. அங்கே தென்பாண்டித் தமிழ், இங்கே கொங்குத் தமிழ். அங்கே "வயிறு மந்தமா இருக்கு", இங்கே "வவுறு திம்முனு இருக்குதுங்". 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. அதில் எனக்கு இன்று வழக்கு எதுவும் இல்லை. 1969இல் கேரளம் கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று வழிசெய்தது. நல்ல சட்டம். மருந்துச் சீட்டுக்கும் அதே நியாயம் உண்டு என்பதுதான் இன்று நான் இந்த மேடையில் வைக்கிற கோரிக்கை.

இப்போது இதை ஏன் அவசரமாகச் சொல்கிறேன்? இரண்டு காரணம். செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு நம் கம்பெனிகளே அதைச் செய்யலாம், விலை இறங்கும். இதே வகை ஊசியான டிர்செபடைட் வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதத்துக்கு நான்கு என்றால் 14,000. மூணாறில் 2015இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்து போராடி, 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 301 ஆக்கினார்கள். அதன் பிறகு கூலி கொஞ்சம் ஏறியிருக்கிறது. இருந்தாலும் 14,000 ரூபாய் என்பது அவர்கள் கனவிலும் எட்டாதது. விலை இறங்கினால் எட்டும். எட்ட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பருத்த உடம்பும் சர்க்கரையும் மூட்டுவலியுமாகத் தவிக்கிற எத்தனையோ பேருக்கு இது நிஜமாகவே உதவும். அப்படி எட்டும்போது சேதியும் கூடவே வர வேண்டும்.

இரண்டாவது காரணம், சோதனைகள் இங்கேயும் வருகின்றன. ஆர்ஃபோர்கிளிப்ரான் என்று வாயில் போடுகிற ஒரு மாத்திரை, அதுவும் ஜிஎல்பி-1 காதில் பேசுவதுதான். அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் ஒன்று இந்தியாவிலும் நடந்தது. நம் நாட்டு சன் பார்மா உட்ரிகுளூடைட் என்ற ஒன்றைச் சோதித்து வருகிறது. சோதனை கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாமும் சேர்ந்தால்தான் நம் உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரியும். அந்த ஏலத்தோட்டத்துப் பெண் ஆய்வில் இல்லையே என்று சற்று முன் வருந்தியவன், சேர்க்காதே என்று எப்படிச் சொல்வேன்? எப்படிக் கேட்டுச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. பல பெண்பிள்ளைகள் பழங்குடியினர், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இடையே சில பிள்ளைகள் இறந்தார்கள். விசாரித்த குழு, அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றது. அதை நான் ஏற்கிறேன், அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. ஆனால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் தாள்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் அரசு ஆய்வை நிறுத்தியது, 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, பங்கெடுக்கிறவருக்குப் புரிகிற மொழியில், தொழில்நுட்ப வார்த்தை இல்லாமல் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எளிதில் ஏமாற்றப்படக் கூடியவர்களிடம் புது மருந்துக்கு ஒப்புதல் கேட்பதை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

"புரிகிற மொழி" என்ற அந்த இரண்டு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பாலக்காட்டு நகரத்தில் அச்சிட்ட மலையாளத் தாள் வடகரப்பதி ஆத்தாவுக்குப் புரிகிற மொழியா? சென்னையில் மொழிபெயர்த்த தமிழ்த் தாளாவது புரியுமா? அப்படி ஒரு தாளை நான் பார்த்திருக்கிறேன். "இரைப்பைக் குடலியப் பாதக நிகழ்வுகள்" என்று இருந்தது. எனக்கே இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது. அவர்கள் சொல்ல வந்தது இதுதான்: ஓங்கரிப்பு வரும், வாந்தி வரும், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு வெளிக்குப் போகாது, ஊசி அளவைக் கூட்டும்போதெல்லாம் இது கூடும்.

ஓங்கரிப்பை லேசாக நினைக்க வேண்டாம். உச்சி வெயிலில் எருத்தேம்பதித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் இரண்டு நாள் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால், சிறுநீரகம் வாடிப்போகும். இந்த ஊசியில் குறையும் எடை முழுவதும் கொழுப்பும் இல்லை; அதில் ஒரு பங்கு தசை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் உடற்பயிற்சி செய்து அதை மீட்டுக்கொள்வார். மூட்டை தூக்குகிறவருக்குத் தசைதான் பிழைப்பு. முட்டையும் பயறும் மீனும் கூட்டித் தின்னச் சொல்ல வேண்டும், ஆனால் பசியே இல்லாதவர் எப்படித் தின்பார்? இதையெல்லாம் ஊசி எழுதுவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும்.

சென்ற வருடம் ஓர் இளைஞர் என் மேசைமேல் ஒரு சின்னக் குப்பியை வைத்தார். உள்ளே வெள்ளைப் பொடி. மேலே ரெட்டாட்ரூடைட் என்றும், ஆராய்ச்சிக்கு மட்டும் என்றும் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. இணையத்தில் வாங்கி, தானே தண்ணீர் கலந்து, காணொளி பார்த்து ஊசி போட்டிருக்கிறார். மூன்று நாளாக வாந்தி. அந்தக் குப்பிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒப்புதல் பெறாத இந்த மருந்தை இப்படி விற்கிறவர்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எழுத்தில் எச்சரித்திருக்கிறது. தம்பி, தங்கச்சி யாராவது இப்படிக் குப்பி வைத்திருந்தால் திட்டாதீர்கள். பக்குவமாகப் பேசி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மருந்தில்லாத வழி ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதற்கும் சான்று இருக்கிறது. சென்னையில் 531 பேரை மூன்று ஆண்டு பார்த்து, 2006இல் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியதால் சர்க்கரை வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் 26.4. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரை அக்கம்பக்கக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களில் ஒருவரையே வழிகாட்டியாக்கி நடத்திய கேரள ஆய்வில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை: குழுவில் இருந்தவர்களில் 14.9 விழுக்காட்டினருக்கும், வெறும் கையேடு பெற்றவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை வந்தது. ஆனால் குடிப்பது குறைந்தது, காய்கனி தின்பது கூடியது. என்னைக் கவர்ந்தது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தப் பேச்சில் சொன்னதை ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அதை நாம் இங்கே, நம் பேச்சில் செய்து பார்க்கவில்லை.

அந்தப் பேச்சின் வலுவுக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு: பிளாச்சிமடை இங்கிருந்து தூரமில்லை. 2000இல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னது ஆய்வகம் இல்லை. குடிசையில் உலை வைத்த பெண்கள் சொன்னார்கள். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னே நின்றார். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நான் அந்தப் போராட்டப் பந்தலில் வெறுமனே உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. உடம்பில் படுகிற ஒன்றைப் படிப்பறிவில்லாத பெண் எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று அங்கேதான் கற்றேன். மருந்து விஷயத்திலும் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்கிறது. எந்த மருந்தின் பக்கவிளைவையும் நோயாளியே நேராகத் தெரிவிக்க அரசின் இலவசத் தொலைபேசி எண் உண்டு: 1800-180-3024. இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக, நான் செய்து வைத்திருக்கிற ஒரு சின்ன வேலையைச் சொல்லி முடிக்கிறேன். குடல் ஹார்மோன் ஊசிகளைப் பற்றி இரண்டு பக்கத் தாள் ஒன்று எழுதினேன். பிரமேஹம் என்ற சொல் அதில் இல்லை. சர்க்கரை என்றே இருக்கிறது. முதலில் என் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடமும், வேலந்தாவளத்தில் காய்க்கடை வைத்திருக்கும் ஒருவரிடமும், பிறகு பீருமேட்டுக்குப் போய் லயத்தில் மூன்று பெண்களிடமும் படித்துக் காட்டினேன். 'ஏற்பி' என்பதை எல்லோரும் அடிக்கச் சொன்னார்கள், அடித்துவிட்டேன். 'காது' என்று போட்டிருக்கிறேன். லயத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும் கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, "ஊசிய நிப்பாட்டுனா பசி திரும்ப வருமாய்யா?" என்றார். வரும். செமாகுளூடைட் ஆய்வு ஒன்றில், நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அது என் தாளில் இல்லை. நான் எழுத மறந்திருந்தேன். அன்றே சேர்த்தேன், இப்போது அதுதான் முதல் வரி.

அந்தத் தாளின் நூறு பிரதிகளை வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத சொல்லின் கீழே கோடு போட்டு, அவர்கள் அதற்குச் சொல்கிற சொல்லை ஓரத்தில் எழுதி, அடுத்த மாதத்துக்குள் இந்த அறக்கட்டளை முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள்.